செல்லாக் காசுக்கும் ஒரு டப்பா



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சரக்கு நிலவரம் என்று மாதந்தோறும் நம் இதழில் படிக்கிறீர்கள். இந்த முறை லாப நட்டக் கணக்கில் வராத ஒரு விஷயத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நாம் காசு சேர்த்த கதை இது. பணம் சேர்த்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கதை நம்மிடம் அவ்வளவாக இல்லை. செல்லாத காசு, தேய்ந்த காசு, வெளியூர்க் காசு, ஓட்டைக் காசு என்று கல்லாவில் வந்து விழுந்ததை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்த கதை.

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் நம்முடையது. 1975-ல் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லாவில் உட்கார்ந்தோம். அன்று முதல் சேர்ந்த காசுகள் ஒரு பழைய தகரப் பெருங்காய டப்பாவில் கிடக்கின்றன. இத்தனை ஆண்டு ஆகியும் மூடியைத் திறந்தால் காசுக்கு முன்னால் காயம்தான் மணக்கும். மொத்தம் 214 காசுகள். இந்த அரசர் காலம், இந்த நாடு, இந்த உலோகம் என்று எந்த வரிசையும் கிடையாது. பிடித்ததை எடுத்து வைத்தோம், அவ்வளவுதான்.

தகப்பனாரின் கல்லா

நம் தகப்பனார் 1952-ல் கடை தொடங்கியபோது ரூபாய், அணா, பைசா கணக்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 4 காலணா அல்லது 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. இந்தக் கணக்கை விரல்விட்டே போடுவார்.

அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாய் பணமாகவும் இருந்தது, எடைக்கல்லாகவும் இருந்தது. ஒரு ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. நாட்டு மருந்துக்காரர்களும் நகைத் தொழிலாளர்களும் தராசில் கல்லுக்குப் பதிலாக ரூபாயையே வைத்து நிறுத்ததை நம் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரூபாயை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல வெள்ளி கணீர் என்று பேசும். ஈயம் கலந்தது மொட்டென்று விழும்.

1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 பைசா. கணக்கு எளிதாயிற்று என்று இன்று சொல்கிறோம். அன்று கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓர் அணாவுக்குச் சரியாக ஆறேகால் பைசா வரும். கால் பைசாவுக்குக் காசு ஏது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். ஓரணாச் சாமானை நான்கு தடவையாக வாங்கினால் 24 பைசா, ஒரே தடவையில் வாங்கினால் 25 பைசா. விவரமான பிள்ளைகள் ஒரே சாமானுக்கு நாலு நடை வந்து ஒரு பைசா மிச்சம் பிடித்ததை நம் தகப்பனார் சிரித்துக்கொண்டே சொல்வார். 1964-ல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆயிற்று.

நாம் சிறுவனாக இருந்தபோது அணாக் காசுகள் விளையாட்டுச் சாமானாகிவிட்டன. ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது உலோகத்தை மிச்சம் பிடிக்கவென்று 1943 முதல் நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு அது. நம் டப்பாவில் முதலில் விழுந்தது அப்படி ஒரு 1944 ஓட்டைக் காலணாதான். வத்தல் மூட்டை ஒன்றை உதறியபோது அடியில் கிடந்தது.

விற்றபின் வந்த புத்தி

இதுவரை சொன்னது பெருமை. இனி சொல்லப்போவது சிறுமை.

நம் தகப்பனார் 1986-ல் காலமானபோது பீரோவில் ஒரு துணி முடிப்பில் 40 வெள்ளி ரூபாய்களை விட்டுப் போனார். 1993-ல் வத்தல் கொள்முதலில் நமக்குப் பெரிய அடி. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே மூட்டைக்கு மூட்டை நட்டம். ஊரில் ஒருவருக்குத் தவணைப் பணம் மறுநாள் காலைக்குள் தர வேண்டும். கொடுக்காவிட்டால் வீதியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. முடிப்பை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளி வியாபாரியிடம் போனோம்.

அவர் தராசை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு ரூபாயாகத் திருப்பி ஆண்டைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஏன் என்று கேட்டோம். “அண்ணாச்சி, 1940-க்கு முந்தினது முக்கால்வாசிக்கு மேலே வெள்ளி, பன்னிரண்டில் பதினோரு பங்கு. 1940-லே இருந்து வந்தது பாதிதான் வெள்ளி. எடை ஒண்ணு, விலை வேற” என்றார். 1947-ல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்துவிட்டது என்பதையும் அவர்தான் சொன்னார்.

நம் தகப்பனாரின் முடிப்பு ஏழு ஆண்டுகளாக நம் வீட்டில் இருந்தது. அதில் எந்த ஆண்டுக் காசு இருக்கிறது, யார் தலை இருக்கிறது என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. ஐந்தே நிமிடம் கையில் வைத்திருந்த அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது. சரக்கின் தரம் தெரியாமல் விற்பவனை நாம் என்ன சொல்வோம்? அன்று அந்த இடத்தில் நாம் நின்றோம்.

37 ரூபாயை எடைக்குப் போட்டோம். மூன்றை மட்டும் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டோம். கடன் அடைந்தது. அதில் வருத்தமில்லை. நாணயம் போவதைவிட நாணயங்கள் போவது மேல். ஆனால் அந்த 37-ல் என்னென்ன இருந்தன என்பது இனி நமக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது.

மிஞ்சிய மூன்றில் ஒன்று 1907-ம் ஆண்டு ஏழாம் எட்வர்டு ரூபாய். அரசர் தலையில் மகுடம் இருக்காது. அடுத்தது 1919, ஐந்தாம் ஜார்ஜ். அவர் அங்கியின் மார்பில் சிறு யானை உருவம் உண்டு. 1911-ல் முதலில் அடித்த ரூபாயில் அந்த யானை பன்றியைப் போல் தெரிகிறது என்று மக்கள் முகம் சுளித்ததால் அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தி அடித்தார்கள். மூன்றாவது 1945, ஆறாம் ஜார்ஜ், பாதி வெள்ளி. மூன்றையும் மேசையில் சுண்டினால் மூன்றாவதின் ஓசை மட்டும் வேறுபடும்.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தக் காசும் கையை விட்டுப் போகுமுன் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பது. உண்மையான சேகரிப்பு அன்றுதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

வரிசை வேண்டும் என்றார்கள்

காசு விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் நம் டப்பாவைப் பார்த்துவிட்டு, “இது குப்பை மாதிரி இருக்கிறதே, ஏதாவது ஒரு வரிசை பிடியுங்கள்” என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நாமும் கேட்டு, இரண்டு பைசா அலுமினியக் காசில் எல்லா ஆண்டும் சேர்ப்பது என்று இறங்கினோம். ஆண்டுக்கு ஒன்று என்றால் போதாதாம், அடித்த இடத்துக்கு ஒன்று வேண்டுமாம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு இருப்பு, இல்லாதது என்று குறித்தோம்.

பத்து மாதத்தில் அலுத்துவிட்டது. பகலெல்லாம் இருப்புக் கணக்கு எடுக்கிற மனிதன் ராத்திரியும் உட்கார்ந்து இருப்புக் கணக்கு எடுப்பதா? கட்டத்தில் இல்லாத ஓர் அழகான காசு வந்தால் அது வேண்டாம் என்று தோன்றியது. அதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. நோட்டைக் கட்டி வைத்துவிட்டு மறுபடி டப்பாவுக்கே வந்தோம்.

வரிசையாகச் சேர்ப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. வரலாற்றுக்கு அவர்களால்தான் பயன். ‘பெருவழுதி’ என்று பழந்தமிழ் எழுத்தில் பொறித்த சங்க காலப் பாண்டியர் செப்புக் காசை உலகுக்கு அறிவித்தவர் பத்திரிகை ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். காசு ஆராய்ச்சி அவருக்குச் சம்பளத்துக்குச் செய்த வேலை அல்ல. அவர் போன்றவர்களின் உழைப்பு பெரிது. நமக்கு அந்தப் படிப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. ராத்திரி கடை அடைத்தபின் கால்மணி நேரம் மனம் ஆறுவதற்கு நம் டப்பா போதும்.

யார் கொடுத்த காசு

ஆனால் பல வருடம் கழித்து ஒன்றைக் கவனித்தோம். வரிசை இல்லை என்று நாம் நினைத்த டப்பாவில் ஒரு வரிசை தானாக இருக்கிறது. ஒவ்வொரு காசும் நம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வந்தது.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து புளி கொண்டுவரும் பெரியவர் ஒருவர் கொடுத்தது அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரி நாளில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசை மக்களுக்கு வழங்குவது அரண்மனை வழக்கமாம்.

நாகர்கோவிலிலிருந்து மிளகு அனுப்பும் கமிஷன் மண்டிக்காரர் கொடுத்தது திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம். கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இத்தனை சின்னக் காசை ஆயிரக்கணக்கில் எப்படி எண்ணுவது? அதற்கென்று வரிசை வரிசையாகக் குழி வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசைப் பலகை மேல் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்துத் தள்ளினால் எண்ணிக்கை தயார். அந்தப் பலகையைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் கல்லாவில் உட்கார்ந்து கை வலித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

ராமநாதபுரம் பக்கம் சிறு பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் கொடுத்தது இலங்கை இரண்டு சதக் காசு. பூவிதழ் போல் வளைந்த விளிம்பு, மேலே தமிழிலும் எழுதியிருக்கும். 1964 ஒப்பந்தப்படி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். 1981-ல் நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தார். ஒருநாளும் தவணை தவறவில்லை. கடைசிப் பாக்கியைக் கட்டிய அன்று மடியிலிருந்து இந்தக் காசை எடுத்து, “இங்கே இது செல்லாது அண்ணாச்சி, உங்க டப்பாவுல கிடக்கட்டும்” என்றார். அதன்பின் அவர் வேறு ஊர் போய்விட்டார். அந்தக் காசுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. ஆனால் டப்பாவில் எதை யார் கேட்டாலும் கொடுப்போம், அதைக் கொடுக்க மாட்டோம்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன சுமைகூலித் தொழிலாளியின் மகன் விடுமுறையில் வந்தபோது கொடுத்தது ஒரு டாலர் காசு. அதில் நாட்டின் பெயர் நான்கு மொழியில் இருக்கும், ஒன்று தமிழ். அந்தப் பையன் நம் கடை வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதியவன்.

பேரேட்டில் இவர்கள் கணக்கு என்றோ தீர்ந்துவிட்டது. பழைய பேரேடுகளைச் செல்லரித்துவிட்டது. டப்பாவில் மட்டும் இருக்கிறார்கள்.

நம் குலத்தொழிலும் காசும்

மளிகைக்காரனுக்குக் காசைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கரூரிலும் கோவை வட்டாரத்திலும் மண்ணுக்கடியில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற பேரரசர்களின் தலை பொறித்தவை அவற்றில் மிகுதி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் மண்ணின் மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் கடல் கடந்து வந்த விலை அது. மிளகு விற்றுக் காசு வாங்கியவன் நம் தொழில்காரன்தானே? ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று எழுதிக் கம்பெனிக்காரர்கள் செப்புக் காசுக்கு வைத்த பெயரும் நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். நாம் கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. ‘துட்டு’ டச்சுக்காரர்களின் ‘டுயிட்’ காசிலிருந்து நம்மிடம் வந்த சொல் என்பார்கள்.

நாளைக் காலையே நீங்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறோம். கல்லாவில் உள்ள ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளில் ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சிறு சாய்சதுரம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இதைக் கடைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதிலிருந்து சில்லறை எண்ணச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை.

நாம் பட்ட நட்டங்கள்

மற்றவர்கள் படாமல் இருக்க நம் தவறுகளைச் சொல்கிறோம்.

முதலாவது, புளி. மளிகைக்காரன் வீட்டில் புளிக்குப் பஞ்சமா? ஒரு நல்ல செப்புக் காலணாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். குத்துவிளக்குப் போல் மின்னியது. காசு தெரிந்தவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் காசின் மேல் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் அதற்குப் பாதுகாப்பு, அழகும் அதுதான். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். மண் இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவைத்தால் போதும். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். வியர்வைக் கை பட்டால் கறை பிடிக்கும். சில மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசில் பச்சை பிடிக்கச் செய்யும். காகித உறை நல்லது. ஈரம் ஆகாது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

இரண்டாவது, போலிக் காசு. 1996-ல் ஒரு திருவிழாக் கடையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் 1818-ம் ஆண்டு அனுமார் காசு என்று சொன்னதை நம்பி 300 ரூபாய் கொடுத்தோம். சாமி உருவம் இருந்ததால் பேரம் பேசவும் கூச்சப்பட்டோம். கம்பெனி அப்படிச் செலாவணிக் காசு எதையும் அடிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. பின்னாளில் யாரோ செய்து விற்கும் வில்லை அது. இதே மாதிரி வில்லையை ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இரிடியம்’ என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கூட்டம் ஊர் ஊராக அலைகிறது. அரிசி விற்கிற நமக்குத் தெரியாதா, அரிசியை இழுப்பது கரண்டிதான் என்று? அந்த வில்லையையும் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறோம், நமக்குப் பாடமாக.

மூன்றாவது நமக்கு நேர்ந்ததல்ல, நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரருக்கு நேர்ந்தது. 2022-ல் அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் பத்து லட்சம் தருவோம் என்று. 2012-ம் ஆண்டு நாணயம் அது, அவர் கல்லாவிலேயே இருந்தது. படம் அனுப்பினார். பதிவுக் கட்டணம் என்றார்கள், கட்டினார். வரி என்றார்கள், கட்டினார். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது, அதை நம்பி மறுபடி கட்டினார். 18,500 ரூபாய் போயிற்று. அந்த மாதம் நம் பாக்கியைக் கட்ட முடியாமல் வந்து நின்றபோதுதான் நமக்கே தெரிந்தது. அவர் வீட்டில் அதுவரை சொல்லவில்லை.

சகோதரர்களே, ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று தெளிவாக அறிவித்தது. கோடிக்கணக்கில் அடித்த காசுக்கு எவனும் லட்சம் தரமாட்டான். வாங்குகிறவன் பணம் தருவானா, நம்மிடம் பணம் கேட்பானா? சரக்கு வாங்க வந்தவன் நம்மிடமே முன்பணம் கேட்டால் கடையில் என்ன சொல்வோமோ, அதையே சொல்ல வேண்டும்.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது புதையலாகக் காசு கிடைத்தால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒளித்து வைப்பது குற்றம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்கில் வரும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. செலாவணியில் உள்ள நாணயத்தை உருக்குவதும் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

காசு குறைகிறது

2011 ஜூன் மாதம் நம் கடையில் நடந்ததை மறக்க முடியாது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் ஜூன் 30-ந் தேதி முதல் செல்லாது என்று அறிவிப்பு. கிராமத்துக் கடைக்காரர்கள் பழைய காசை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வங்கியில் 29-ந் தேதி வரை மாற்றிக்கொடுத்தார்கள். வரிசையில் நின்று மாற்றினோம். காண்டாமிருகம் போட்ட எஃகு நாலணா பத்தை மட்டும் நாம் எடுத்து வைத்தோம். நாலணா என்ற சொல்லுக்குக் காசு இல்லாமல் போனது அன்றுதான். ஐம்பது பைசா இன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் வாங்குவார் இல்லை.

பத்து ரூபாய் நாணயத்துக்கும் அந்தக் கதி வரப் பார்த்தது. செல்லாது என்று யாரோ கிளப்பிய வதந்தியால் பல ஊர்களில் கடைக்காரர்களே வாங்க மறுத்தார்கள். 14 வகை வடிவங்களில் வந்துள்ள எல்லாப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு பட்டுவாடாவில் ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும். நம்மவர்களே செல்லுகிற காசைச் செல்லாக் காசாக்கலாமா?

இன்று கல்லாவில் காசு விழும் சத்தமே குறைந்துவிட்டது. வாசலில் ஒட்டிய கட்டத்தைக் கைபேசியில் படம் பிடித்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். கடையை இப்போது நம் மகன் பார்த்துக்கொள்கிறார். சில்லறைத் தகராறு இல்லை, கள்ள நோட்டுப் பயம் இல்லை என்கிறார். உண்மைதான், நாமும் மறுக்கவில்லை.

போன வருடம் அவர், “அப்பா, இந்த டப்பாவெல்லாம் எவ்வளவு தேறும்?” என்று கேட்டார். வியாபாரி மகன் வேறெப்படிக் கேட்பார்? தவறில்லை. காசு வியாபாரி ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். மூன்று வெள்ளி ரூபாயையும் சக்கரத்தையும் தனியே வைத்துவிட்டு, மற்றதெல்லாம் சாதாரணம் என்றார். மொத்தமாக அவர் சொன்ன தொகை இரண்டு மூட்டை துவரம்பருப்பு விலைக்கு வராது. மகன் சிரித்தார். நாமும் சிரித்தோம். கொடுக்கவில்லை.

ஆனால் அன்று ராத்திரி வேறொரு யோசனை வந்தது. இந்த இலங்கைக் காசை யார் கொடுத்தார் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். நமக்குப் பின் மகன் டப்பாவைத் திறந்தால் அவருக்கு அது வெறும் இரண்டு சதம். தகப்பனாரின் முடிப்பைத் திறந்து பார்க்காமல் நாம் விட்டதுபோல் அவர் விட்டுவிட்டால் அவர்மேல் என்ன குற்றம்? நம் தகப்பனார் எழுதி வைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதனால் இப்போது காசுக்கு ஒரு சீட்டு எழுதி வருகிறோம். என்ன காசு, எந்த ஆண்டு, யார் கொடுத்தது, எப்போது, எதற்கு என்று நாலே வரி. இதுவரை 90 சீட்டு எழுதியாயிற்று. சிலவற்றுக்கு எவ்வளவு யோசித்தும் கொடுத்தவர் முகம் வரவில்லை. அவற்றுக்கு ‘நினைவில்லை’ என்று எழுதி வைக்கிறோம். அப்படி எழுதும்போது, இன்னும் பத்து வருடம் முன்னாலேயே தொடங்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது. சில நாள் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நம்மைவிட அவர் கையெழுத்து திருத்தம்.

நீங்களும் ஒரு டப்பா வையுங்கள். கடை முதலில் கைவைக்க வேண்டாம், கடன் வாங்கிக் காசு வாங்க வேண்டாம், லாபம் வரும் என்று எண்ண வேண்டாம். கல்லாவுக்கு வருவதே போதும். விரல் முத்திரை போட்ட 2007-ம் ஆண்டுக் காசு, திருவள்ளுவர் போட்ட 1995-ம் ஆண்டுக் காசு, காமராசர் போட்ட 2003-ம் ஆண்டுக் காசு, தஞ்சைப் பெரிய கோயில் போட்ட 2010-ம் ஆண்டு ஐந்து ரூபாய் என்று உங்கள் கையிலேயே எத்தனையோ வந்து போகின்றன. வரிசை எதுவும் வேண்டாம். பிடித்தால் எடுத்து வையுங்கள். கூடவே யார் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.

இன்று இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் ஒரே ஒரு காசைத் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.